செருப்புக்குள் சிறுகல்: எண்ணச் சுழற்சி நோயின் வரலாறு

எண்ணச் சுழற்சி நோய்க்கு இன்றைய மருத்துவப் பெயர் கிடைத்து ஒன்றரை நூற்றாண்டுக்குள்தான் ஆகிறது. நோயோ மிகப் பழையது. பேச்சில் 'ஓசிடி' என்றே வழங்கும் இந்த நோயில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, வேண்டாத எண்ணம் ஒன்று அழைக்காமலே வந்து மனதைப் பிடித்துக்கொள்வது. கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது, கேஸ் அடுப்பை அணைக்கவில்லை, சாமி முன்னால் நிற்கும்போதே சாமியைத் திட்டும் சொல் நாக்கில் வருகிறது, மடியில் கிடக்கும் குழந்தையை நானே கொன்றுவிடுவேனோ என்பவை அதன் வடிவங்கள். இரண்டாவது, அந்த எண்ணம் கிளப்பும் பதைப்பைத் தணிக்கச் செய்யும் செயல். கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, மனதுக்குள் ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வது, பக்கத்தில் இருப்பவரிடம் "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. செய்ததும் சற்று நிம்மதி வரும், பிறகு மறுபடியும் ஐயம். பூட்டைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பவருக்குப் பூட்டியது தெரியாமல் இல்லை. கண் பார்த்திருக்கிறது, கை உணர்ந்திருக்கிறது. 'போதும்' என்ற உணர்வு மட்டும் வருவதில்லை. தான் செய்வதில் பொருளில்லை என்பதும் பெரும்பாலும் அவருக்கே தெரியும். அதனால்தான் வெட்கப்படுகிறார், மறைக்கிறார். இந்த நோயின் வரலாற்றில் பாதி, மறைத்து வாழ்ந்தவர்களின் வரலாறு.

மருத்துவர்களுக்கு முன்பே இதைக் கண்டவர்கள் மதகுருமார்கள். லத்தீன் மொழியில் 'ஸ்க்ரூபுலஸ்' என்றால் கூரான சிறுகல். செருப்புக்குள் புகுந்தால் அடுத்த அடி வைக்க விடாத அந்தக் கல்லின் பெயரையே, பாவம் செய்துவிட்டோமோ என்ற தீராத ஐயத்துக்குக் கத்தோலிக்கத் திருச்சபை வைத்தது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது இந்தக் கல்லோடு நடந்தார். பழைய பாவங்களையெல்லாம் ஏற்கெனவே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி முடித்திருந்தார். ஆனாலும் எதையோ விட்டுவிட்டதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. மீண்டும் குருவிடம் போனார், மீண்டும் சொன்னார், ஐயம் தீரவில்லை. மிகத் தெளிவாகத் தெரியும் பாவத்தை மட்டும் சொன்னால் போதும் என்று குரு கட்டளையிட்டார். இஞ்ஞாசியாருக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்ததால் அந்தக் கட்டளையும் உதவவில்லை. ஒரு வாரம் உண்ணாமல் கிடந்தார். உயிரை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பிற்காலத்தில் தம் ஆன்மிகப் பயிற்சி நூலில் இந்த ஐயங்களுக்கென்றே தனிக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். ஜெர்மனியில் மார்ட்டின் லூதரும் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்து தம் குருவைக் களைப்படைய வைத்தவர்.

இஸ்லாமிய மரபில் இதற்கு 'வஸ்வாஸ்' என்று பெயர். தொழுகைக்கு முன் கழுவும் உளூவைச் சரியாகச் செய்தோமா, தொழுகையில் எத்தனை ரக்அத் (சுற்று) முடிந்தது என்று திரும்பத் திரும்ப எழும் ஊசலாட்டத்தைத் தமிழ் முஸ்லிம்களும் இன்றுவரை இந்தச் சொல்லால்தான் சுட்டுகிறார்கள். பல்க் நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றி எழுதிய நூலில் இத்தகைய விடாத எண்ணங்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார். அவர் காலம் 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியும். இப்படிப்பட்டவர் தனிமையில் இருக்கக் கூடாது, வேலையிலும் மனிதர்களிடத்திலும் மனதைச் செலுத்த வேண்டும் என்பது அவர் தந்த அறிவுரைகளில் ஒன்று. உள்ளத்தின் துயரங்களை உடல் நோய்களுக்கு இணையாக வைத்து, வகை பிரித்து, மருந்து சொல்ல முனைந்த அந்த நூல் அதன் காலத்துக்கு வியப்பானது.

நோயை உள்ளிருந்து விவரித்த பழைய எழுத்துகளில் ஜான் பனியனின் தன்வரலாற்றுக்கு ஈடானது குறைவு. பாத்திரம் அடைக்கும் தொழில் செய்த பனியன் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டை ஒட்டிய எல்ஸ்டோ ஊர்க்காரர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகச் சிறையில் கிடந்தபோது எழுதிய அந்த நூல் 1666இல் வந்தது. ஊர்த் தேவாலயத்தில் மணியடிப்பது இளவயதில் அவருக்குப் பிரியமான வேலை. அது வீண் கேளிக்கை என்று மனம் உறுத்தவே விட்டுவிட்டார். ஆனாலும் மற்றவர்கள் அடிப்பதைப் பார்க்கப் போவார். ஒரு நாள், மணி அறுந்து தலையில் விழுந்தால் என்ன ஆவது என்று ஓர் எண்ணம் வந்தது. பெரிய உத்தரத்துக்கு அடியில் போய் நின்றுகொண்டார். மணி சுவரில் மோதித் தெறித்து வந்தால்? கோபுர வாசலுக்கு நகர்ந்தார். இங்கே நின்றால் தப்பலாம் என்று தேற்றிக்கொண்ட மறுகணம், கோபுரமே சரிந்தால் என்ற எண்ணம் வந்தது. அங்கும் நிற்க முடியாமல் ஓடிப்போனார். இன்று மருத்துவர் ஒருவர் மாணவர்களுக்கு இந்த நோயைச் சொல்லிக்கொடுக்க இந்த ஒரு காட்சி போதும். ஒவ்வொரு பாதுகாப்பும் அடுத்த அச்சத்துக்கு வாசல் திறக்கிறது.

இதைவிடக் கொடியதும் அவருக்கு நேர்ந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு என்ற சொல் சுமார் ஓராண்டுக் காலம் அவர் மனதில் ஒலித்துக்கொண்டிருந்தது. சாப்பிடும்போதும், விறகு பிளக்கும்போதும், கீழே கிடக்கும் குண்டூசியை எடுக்கும்போதும் அதே சொல். விற்கமாட்டேன் என்று உடம்பே அசையும்படி எதிர்த்துப் போராடினார். ஒரு நாள் காலையில் படுக்கையில் கிடந்தபடி, போகட்டும் என்று ஒரு கணம் மனம் தளர்ந்தது. அதற்காக ஈராண்டுகளுக்கு மேல் நரக வேதனைப்பட்டார். கிறிஸ்துவை உயிராக நேசித்தவருக்கு வந்த எண்ணம் இது. எது தனக்கு மிகப் பிரியமோ அதையே இந்த நோய் பற்றிக்கொள்ளும். குழந்தையை உயிராகப் பார்க்கும் தாய்க்குக் குழந்தையைக் கொல்லும் எண்ணமும், பக்தருக்குத் தெய்வ நிந்தனையும், நேர்மையானவருக்குத் திருடிவிட்டோமோ என்ற பயமும் வருவது இப்படித்தான். இந்த எண்ணம் தன் உள்மன ஆசையோ என்று நோயாளி நடுங்குகிறார். வெளியே சொன்னால் ஊரும் அப்படியே எண்ணும் என்று வாய் திறக்க மாட்டார்.

இதைப் புரிந்துகொண்டு அன்போடு பேசியவர்களில் ஒருவர் நார்விச் ஆயர் ஜான் மூர். 1690களின் தொடக்கத்தில் அரசி இரண்டாம் மேரியின் முன்னிலையில் மதச் சோர்வைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். வழிபாட்டின்போதே இறைநிந்தனை எண்ணங்கள் எழுவது தீயவர்களுக்கு அன்று, பெரும்பாலும் நல்லவர்களுக்கே என்றார். அடக்க அடக்க அவை பெருகும் என்றும் கண்டிருந்தார். அவற்றோடு மூர்க்கமாக மல்லுக்கட்டாதீர்கள், அவற்றுக்குப் பயந்து அன்றாட வேலையையும் வழிபாட்டையும் விட்டுவிடாதீர்கள் என்பது அவருடைய அறிவுரை. ஆய்வுக்கூடமோ புள்ளிவிவரமோ இல்லாமல், மனிதர்களை உட்கார்த்திக் கேட்டதால் மட்டும் வந்த தெளிவு அது. மருத்துவம் அந்த இடத்துக்கு வந்து சேர இன்னும் பல தலைமுறைகள் ஆயின.

மருத்துவர்களின் கைக்கு இந்த நோய் வந்தது 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில். ழான் எத்தியேன் எஸ்கிரோல் 1838இல் வெளியிட்ட மனநோய் நூலில் 'செல்வி எஃப்' என்ற 34 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார். வணிகக் குடும்பத்தில் கணக்கு எழுதப் பழகியவர். பதினெட்டு வயதில் ஒரு நாள் அத்தை வீட்டிலிருந்து திரும்பும்போது, அங்கிருந்த பொருள் எதையாவது தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோமோ என்று ஐயம் எழுந்தது. அடுத்து, கணக்கில் பிழை விட்டுப் பிறருக்கு நட்டம் வைத்துவிடுவோமோ என்ற பயம். அதன்பின், காசைத் தொட்டால் விரலில் மதிப்புள்ள ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். கையைக் கழுவினார், தேய்த்தார், உதறினார். எழுந்து உடுத்தி முடிக்கவே மணிக்கணக்கானது. தம் பயம் சிரிப்புக்குரியது என்று அவரே சொன்னார், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அறிவு கலங்காமலே மனம் நோயுற முடியும் என்பதற்கு அவர் சான்றாக நின்றார். மனநோய் என்றால் புத்தி பேதலிப்பு என்றே நம்பிய காலத்துக்கு இது புதிது. எஸ்கிரோலுக்குப் பின் பிரெஞ்சு மருத்துவர்கள் இதை 'ஐயப் பைத்தியம்' என்றார்கள். 1875இல் லெக்ராண் து சோல், தொடுவதற்கு அஞ்சும் வெறியையும் அதோடு சேர்த்து ஒரு நூலே எழுதினார். ஐயம் என்ற சொல் நோயின் நெஞ்சைத் தொட்டது. பைத்தியம் என்ற சொல்லோ நோயாளியின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இன்றைய பெயர் பிறந்த கதை சற்று விசித்திரமானது. பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபால் 1877இல் இந்நோயைத் தெளிவாக வரையறுத்தார். அறிவு சிதையாத நிலையில், மனிதனின் விருப்பத்துக்கு எதிராக வந்து, விரட்டினாலும் போகாத எண்ணம் என்பது அவர் தந்த விளக்கம். அதற்கு அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லை லண்டனில் 'அப்செஷன்' என்றும் நியூயார்க்கில் 'கம்பல்ஷன்' என்றும் பெயர்த்தார்கள். ஒன்று விடாத எண்ணத்தைக் குறிக்கும், மற்றது கட்டாயச் செயலைக் குறிக்கும். பிறகு சமரசமாக இரண்டையும் கோர்த்தே பெயராக்கிவிட்டார்கள்.

பிரெஞ்சு உளவியலாளர் பியர் ழானே 1903இல் வெளியிட்ட பெரிய நூலில், எதுவும் முழுமையாகச் செய்து முடிந்ததாகத் தோன்றாத குறையுணர்வே இந்நோயின் அடித்தளம் என்றார். 'போதும்' வராத அந்த மனநிலைக்கு அவருடைய விளக்கம் இன்றும் பொருந்துகிறது. உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டு, 'எலி மனிதன்' என்று அழைக்கப்பட்ட நோயாளியைப் பற்றி எழுதிய ஆய்வு 1909இல் வந்தது. அது புகழ்பெற்ற எழுத்து, ஆனால் அடுத்த அரை நூற்றாண்டில் நோயாளிகளுக்கு உளப்பகுப்பாய்வால் கிடைத்த பயன் சொற்பம். சொல்லப்போனால் கேடும் சேர்ந்தது. எண்ணத்தின் உள்ளே ஒளிந்த ஆசையைத் தோண்டத் தோண்ட, ஏற்கெனவே தன்னையே சந்தேகிப்பவர் மேலும் சந்தேகித்தார். மின்னதிர்ச்சியும் மூளை அறுவையும் முயலப்பட்டன. இந்நோய் பிடித்தால் விடாது என்பதே மருத்துவர்களின் எண்ணமாக இருந்தது.

திருப்பம் 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் வந்தது. விக்டர் மெயர் என்ற உளவியலாளர், வேறு எந்தச் சிகிச்சைக்கும் மசியாத இரண்டு பெண்களைக் கையில் எடுத்தார். ஒருவருக்கு ஓயாமல் கழுவும் வழக்கம், மற்றவருக்கு இறைநிந்தனை எண்ணங்கள். மெயரின் முறை கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். கழுவுபவர் அஞ்சும் பொருள்களைத் தொட வைத்தார்கள், அதன்பின் கழுவ விடவில்லை. அறைக் குழாயில் நீர் நிறுத்தப்பட்டது. செவிலியர்கள் பகலும் இரவும் கூடவே இருந்து, பேசி, வேலை கொடுத்து, அந்தப் பதைப்பைத் தாண்ட உதவினார்கள். கழுவாவிட்டால் கேடு வரும் என்று மனம் கத்தும். கழுவாமலே நேரம் போகும், கேடு வராது. பதைப்பு ஏறி, உச்சத்தில் நின்று, தானாக இறங்கும். மனம் அதைக் கண்ணால் கண்டுகொள்ளும். இருவரும் தேறினார்கள். 1974இல் மெயரும் உடன் பணியாற்றியவர்களும் 15 பேரின் முடிவுகளை வெளியிட்டபோது 10 பேர் பெரிதும் அல்லது முழுவதும் குணமாகியிருந்தார்கள். தீராது என்று கைவிடப்பட்ட நோய்க்கு அது பெரிய செய்தி. செவிலியர் இரவும் பகலும் நிற்க வேண்டியதில்லை, நோயாளியே படிப்படியாகப் பழகலாம் என்று பின்வந்தவர்கள் முறையை எளிதாக்கினார்கள். இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதன்மையான பேச்சுவழிச் சிகிச்சை இதுதான்.

அதே லண்டனில் 1978இல் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. ஸ்டான்லி ராக்மனும் இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வாவும் நோயற்ற சாதாரண மனிதர்களிடம், வேண்டாத எண்ணங்கள் வருவதுண்டா என்று கேட்டார்கள். ஐந்தில் நான்கு பேர் உண்டு என்றார்கள். ஓடும் ரயிலின் முன் யாரையாவது தள்ளிவிடலாம் என்பது போன்ற எண்ணம் பெரும்பாலோர் மனதிலும் எட்டிப்பார்க்கும். நோயாளியின் எண்ணங்களும் மற்றவர்களின் எண்ணங்களும் உள்ளடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றே. மற்றவர்கள் 'சே' என்று உதறிவிட்டு நடப்பார்கள். நோயாளி அதைத் தன் குணத்துக்கு வந்த சாட்சியாக எடுத்துக்கொண்டு, அதை அழிக்கப் போராடுவார். களங்கத்தைப் போக்க இந்த ஒரு கண்டுபிடிப்பு செய்த உதவிக்கு அளவில்லை. வேண்டாத எண்ணங்களைக் கையாளப் பழைய பௌத்த நூல்கள் சொல்லும் வழிகளுக்கும் இன்றைய நடத்தைச் சிகிச்சைக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றியும் டி சில்வா பின்னர் எழுதினார்.

மருந்தின் கதை தற்செயலில் தொடங்குகிறது. மனச்சோர்வுக்காகச் சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் உருவாக்கிய குளோமிப்ரமின், எண்ணச் சுழற்சியையும் தணிப்பதை 1960களின் பிற்பகுதியில் ஸ்பானிய மருத்துவர்கள் கவனித்துச் சொன்னார்கள். ஐரோப்பாவில் புழங்கிய அந்த மருந்துக்கு அமெரிக்கா 1989இல்தான் ஒப்புதல் தந்தது. பிறகு ஃபுளுவோக்சிடின் போன்ற, பக்கவிளைவு குறைந்த மருந்துகள் வந்தன. 1992இல் லாஸ் ஏஞ்சல்ஸில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, மருந்தால் தேறியவர்களுக்கும் நடத்தைச் சிகிச்சையால் தேறியவர்களுக்கும் மூளையின் ஒரே பகுதியில் ஒத்த மாற்றம் தெரிந்தது. மனதின் நோயா மூளையின் நோயா என்ற பழைய வழக்கு அதோடு பாதி வலுவிழந்தது.

இவ்வளவு நடந்தும் இது அரிய நோய் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மருத்துவமனைக்கு வெளியே வீடு வீடாகப் போய்க் கேட்ட கணக்கெடுப்பில், வாழ்நாளில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இந்நோய் வந்திருந்தது தெரியவந்தது. நோயாளிகள் இல்லாமல் இல்லை, யாரும் வாய் திறக்கவில்லை. 1986இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நோயாளிகளும் குடும்பத்தினரும் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதுவே இன்றைய பன்னாட்டு ஓசிடி அறக்கட்டளை. 1989இல் மனநல மருத்துவர் ஜூடித் ராப்பபோர்ட், கழுவுவதை நிறுத்த முடியாத சிறுவனைத் தலைப்பில் வைத்து ஒரு நூல் எழுதினார். அதைப் படித்த எத்தனையோ பேருக்குத் தம் துன்பத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டு நூல், பதற்ற நோய்களின் கூட்டத்திலிருந்து இதைப் பிரித்துத் தனி அத்தியாயம் கொடுத்தது.

இந்தியாவில் இந்த நோய் ஆசாரத்தின் மறைவில் நெடுங்காலம் ஒளிந்திருந்தது. வங்காளத்தில் 'சுசிபாய்' என்றொரு சொல் உண்டு. சுத்த வெறி என்று பொருள். ஓயாமல் குளிப்பது, வெளியே போய்வந்த துணியை உடனே மாற்றுவது, நாணயத்தைக் கழுவுவது, தெருவில் அசுத்தத்தை மிதிக்காமல் இருக்கத் தாவித் தாவி நடப்பது என்று நடந்துகொள்ளும் பெண்களை, அதிலும் விதவைகளை, அந்தச் சொல்லால் அழைத்தார்கள். கொல்கத்தா மனநல மருத்துவர் அஜிதா சக்கரவர்த்தியும் பானர்ஜியும் 1975இல் இதை ஆராய்ந்து, சடங்குக்கும் நோய்க்கும் உள்ள எல்லையைப் பற்றி எழுதினார்கள். அதே ஆண்டு சண்டிகரிலிருந்து 82 நோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று வந்தது. அழுக்கும் தீட்டும் பற்றிய எண்ணங்களே அவர்களிடம் முதலிடத்தில் இருந்தன.

தமிழ் வீடுகளில் மடி, விழுப்பு, தீட்டு, எச்சில், இலங்கையில் துடக்கு என்ற சொற்கள் இருந்தன. ஒரு பாட்டி ஈரப் புடவையோடு இரண்டு மணி நேரம் கிணற்றடியில் நின்றால் அது மடி என்றே கொள்ளப்பட்டது. மிஞ்சினால் 'சுத்தப் பைத்தியம்' என்றார்கள். ஆனால் சடங்குக்கும் நோய்க்கும் நடுவே ஒரு தெளிவான கோடு உண்டு. சடங்குக்கு அளவு உண்டு. மூன்று முறை சுற்று, ஒரு முறை முழுகு என்றால் அதோடு முடிந்தது, மனம் நிறைந்தது. நோய்க்கு அளவே கிடையாது. மூன்று முறை சுற்றியவருக்கு அது இரண்டோ என்று தோன்றும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஆசாரம் நோயை உண்டாக்குவதில்லை, நோய்க்கு உடுப்பு தைத்துக் கொடுக்கிறது. ஆசாரம் தளர்ந்த வீடுகளில் அதே நோய் கிருமியை, கேஸ் சிலிண்டரை, பூட்டை உடுத்திக்கொண்டு வருகிறது.

சுத்தம் என்ற ஒரே முகத்தை மட்டும் அடையாளம் கண்டதால் மற்ற முகங்கள் மறைந்துபோயின. மேசையில் பேனாவை நேராக அடுக்கி வைப்பவர் 'எனக்குக் கொஞ்சம் ஓசிடி' என்று பெருமையாகச் சொல்வது இன்று சகஜம். ஒழுங்கில் மகிழ்பவருக்கு அது நோய் அன்று. நோயில் மகிழ்ச்சிக்கு இடமில்லை. கைத்தோல் உரிந்து ரத்தம் கசியக் கழுவுபவரும், பிள்ளைக்குக் கேடு செய்துவிடுவோமோ என்று அஞ்சிச் சமையலறைக் கத்தியை எல்லாம் பூட்டி வைக்கும் தாயும் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு இன்னும் உள்ளே ஒடுங்கிப்போகிறார்கள். அப்படிப்பட்ட தாயால் பிள்ளைக்கு ஆபத்து வருவதில்லை. அந்த எண்ணத்தைக் கண்டு அவர் நடுங்குவதே அவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. அந்நிறுவனம் தலைமையேற்று 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவான விகிதத்தில் இந்நோய் காணப்பட்டது. மனநோயால் வரும் ஊனத்தை மதிப்பிட இந்திய அரசு 2002இல் ஏற்ற அளவுகோலில், மனச்சிதைவு, இருதுருவ நோய், மறதி நோய் ஆகியவற்றோடு எண்ணச் சுழற்சி நோயும் இடம்பெற்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தரும் அதே காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும் என்றது.

சிகிச்சையில் குடும்பத்துக்குத் தனி இடம் உண்டு. "ஒண்ணும் ஆகாது, நான் பார்த்துட்டேன்" என்று நூறாவது முறையும் சொல்லும் கணவரும், மகனுக்காகக் கதவைத் திறந்துவிடும் தாயும் அன்பினால்தான் அதைச் செய்கிறார்கள். ஆனால் அந்த உறுதிமொழியும் கழுவுவதைப் போன்ற ஒரு சடங்காகிவிடுகிறது. மிடில்செக்ஸ் செவிலியர் செய்த வேலையை இங்கே வீட்டார்தான் செய்ய வேண்டியிருக்கிறது. திட்டாமல், கேலி செய்யாமல், பதில் சொல்வதை மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாகக் குறைத்து, பதைப்பு இறங்கும்வரை பக்கத்தில் இருக்கப் பழக வேண்டும். மருந்து தொடங்கினால் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும், இடையில் நிறுத்தக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இந்நோய்க்குச் சிகிச்சை கிடைக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.